பிந்தி விழுந்த ஆமா

மாடுகள் நகர்கிற மாதிரி இல்லை. நகர வேண்டாம், அப்படியே நிற்கட்டும், எனக்கொன்றும் அவசரமில்லை, அவசரமெல்லாம் முன்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கோமதிநாயகம் சாருக்குத்தான், அவர்தான் என்னை இந்த ஜார்ஜியாவுக்குக் கூட்டிவந்தவர், கலைப்பயணத்தின் ஒருங்கிணைப்பாளர், சாயங்காலம் என் வில்லுப்பாட்டு நடந்து முடிகிறவரைக்கும் அவருக்கு வயிற்றில் ஒன்றும் இறங்காது. "ஹார்ன் அடிக்கச் சொல்லுங்க டீச்சர்" என்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த ஊர் மனானாவிடம் சொல்கிறேன், மனானா வண்டி ஓட்டுகிற தன் அண்ணன் குராமிடம் சொல்கிறாள், குராம் "அரா" என்கிறார். அரா என்றால் இல்லை, மாட்டேன், கிடையாது. இங்கே வந்து நான் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான், ஏனென்றால் அந்த மனுஷன் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார். மழை வருமா, அரா. இன்னொரு ரொட்டி வேண்டுமா, அரா, சொல்லிவிட்டு எடுத்துத் தின்பார். மாட்டுக்கு எதற்கு ஹார்ன், அது அதன் ஊர். சன்னல் வழியே ஒரு பசு என்னைப் பார்க்கிறது, வள்ளியூர்ச் சந்தையில் நிற்கிற பசு பார்க்கிற அதே பார்வை, நீ யாரானால் எனக்கென்ன என்கிற பார்வை, அதற்குப் பின்னால் திராட்சைக் கொடிகள், அதற்கும் பின்னால் பனி போர்த்திய மலை, பசுவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. என் வில் வண்டியின் நீளத்துக்குக் கிடக்கிறது. ஊரிலிருக்கிற வில்லை விமானத்தில் ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள், மணிகளை மட்டும் சேலையில் சுற்றிக் கைப்பையில் வைத்துக் கொண்டுவந்தேன், சோதனை செய்த பெண் ஒன்றை எடுத்துக் குலுக்கினாள், இன்னொன்றைக் குலுக்கினாள், சிரித்துவிட்டுப் போகச் சொன்னாள். வில்லை குராம் வெட்டி, நெருப்பில் வாட்டி, வளைத்துத் தந்தார். என்ன மரம் என்று பேர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. அதன் ஒரு முனை கோமதிநாயகம் சாரின் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது, வண்டி குலுங்குகிற போதெல்லாம் மணி ஒலிக்கிறது, அவர் தலையை ஒதுக்கிக்கொள்கிறார், அந்த லேப்டாப்பை மட்டும் விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார். அதற்குள் முப்பிடாதி இருக்கிறாள்.

முப்பிடாதி இருக்கிறாள் என்பது தப்பு, முப்பிடாதியின் ஒரு ஆமா இருக்கிறது. வில்லுப்பாட்டில் நான் ஒரு வரி பாடினால் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள் ஆமா என்பாள், அடுத்த வரி, ஆமா, கதை அப்படித்தான் நடக்கும், ஆமா விழாவிட்டால் கதைக்குக் கால் கிடையாது. பீடி சுற்றுகிற பொம்பளை, எழுதப் படிக்க என்னிடம்தான் கற்றுக்கொண்டாள், அறிவொளி வகுப்பில் சுவரோரம் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே அ ஆ சொன்னவள், பிறகு நான் வில்லெடுத்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், இதுவரைக்கும் எழுந்திருக்கவில்லை. எங்கள் குழு மொத்தத்துக்கும் விசா கேட்டோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முப்பிடாதியிடம் உங்களுக்குக் குழுவில் என்ன வேலை என்றார். "டீச்சர் பாடுவாவ, நான் ஆமா போடுவேன்" என்றாள் இவள், பளிச்சென்று, இதைவிட ஒரு வேலை உலகத்தில் உண்டா என்கிற மாதிரி. அவர் நிமிர்ந்து பார்த்தார், பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார், இரண்டு பேரும் வாய்க்குள் சிரித்துக்கொண்டார்கள். அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் எனக்கு மட்டும் கிடைத்தது. நான் போகமாட்டேன் என்றேன். "போங்க டீச்சரே, நீங்க போயிட்டு வந்து கதை சொன்னா நான் ஆமா போடுதேன், அதுவும் என் சோலிதான" என்றாள். அப்போதுதான் கோமதிநாயகம் சாருக்கு அந்த யோசனை வந்தது, அவளைத் திருநெல்வேலியில் ஒரு ஸ்டூடியோவில் நிற்கவைத்து ஒரே ஒரு ஆமா வாங்கினார்கள், சுத்தமான ஆமா, இருமல் இல்லாத ஆமா, அதை வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டிக் கதை முழுக்கப் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். "மெஷின் தப்பே பண்ணாது டீச்சர். நீங்க பாட்டுக்குப் பாடிட்டுப் போலாம்." நேற்று அரங்கத்தில் ஒத்திகை. பாடினேன், ஆமா வந்தது. பாடினேன், ஆமா வந்தது. நானும் பரவாயில்லையே என்றுதான் நினைத்தேன். அந்த இடம் வரைக்கும். புகுந்த வீட்டையும் மன்னிச்சா என்று பாடி முடித்தேன், டக்கென்று விழுந்தது ஆமா. கை அப்படியே நின்றுவிட்டது. வீசுகோல் நாணின்மேல் விழவில்லை. என்ன ஆச்சு டீச்சர் என்றார் சார். ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையா. அந்த வரிக்கு முப்பிடாதி இத்தனை வருஷத்தில் ஒருநாளும் டக்கென்று ஆமா போட்டதில்லை. மற்ற எல்லா இடத்திலும் தாளத்தின் தலையில் வந்து உட்காருகிற ஆமா, அந்த ஒரு வரிக்கு மட்டும் பிந்தித்தான் விழும். ஒரு மூச்சு தள்ளி. அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் என்று நான் இருந்திருக்கிறேன், நானும் அடுத்த வரியை ஒரு மூச்சு தள்ளியே எடுக்கப் பழகியிருக்கிறேன். மெஷின் தப்புப் பண்ணாமல் போட்டபோதுதான் தெரிந்தது, அவள் பண்ணினது தப்பில்லை என்று.

கதை என் அக்காவுடையது. பிரமு, பிரம்மசக்தி, எங்கள் வீட்டில் வாய் உள்ள ஒரே ஆள். கட்டிக்கொடுத்த வீட்டிலிருந்து வந்தாள், அம்மா திருப்பி அனுப்பினாள், மறுபடி வந்தாள், அப்பா கொண்டுபோய் விட்டார், கடைசியாக வந்தபோது கதவைத் திறக்கவே இல்லை, நான் சன்னல் வழியாகப் பார்த்தேன், பாவாடை சட்டையில் நின்று பார்த்தேன், அவள் அழவில்லை, செருப்பைக் கழற்றி மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு போனாள். பிறகு அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள். விழுந்தாள் என்றார்கள். அதுவரைக்கும் எல்லா ஊர்க் கதைதான், அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துக் கதை. அந்த வீட்டில் மாடு செத்தது, மூத்த மருமகளுக்குக் குறைப்பிரசவம், அக்கா புருஷன், என் மச்சான், ராத்திரியெல்லாம் செருப்புச் சத்தம் கேட்கிறது என்றான். குறி பார்த்தார்கள். கிணற்றடியில் அவளுக்கு ஒரு பீடம் கட்டினார்கள், மஞ்சள் பூசினார்கள், பட்டுச் சாத்தினார்கள், வருஷா வருஷம் கொடை, அவளுக்கென்று ஒரு திருவிழா. கொன்றவர்களே கும்பிடுவது எங்களுக்குப் புதிதில்லை, பயம்தான் அங்கே பக்தி. கொடை என்றால் வில்லு வேண்டும், வில்லென்றால் அந்தச் சாமியின் கதையைப் பாடவேண்டும், யார் பாடுவது என்று வந்தபோது நான் போய் நின்றேன். மச்சானின் தம்பி தம்பையாதான் கமிட்டித் தலைவர், அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பாடுங்க தங்கச்சி, எல்லாத்தையும் பாடுங்க, கதவச் சாத்துனதப் பாடுங்க, கெணத்தப் பாடுங்க. கடைசியில அவ எல்லாரையும் மன்னிச்சிட்டான்னு முடிச்சிருங்க. எங்களுக்கு அது போதும்." அது போதுமாம். கதை முழுக்க எனக்கு, ஒரு வரி அவர்களுக்கு. வாங்கிக்கொண்டேன், அவள் பேரைப் பத்துப் பேர் முன்னால் சொல்வதற்கு எனக்கு வேறு எந்த மேடை இருந்தது. சூடம் காட்டுகிற நேரத்தில் அந்த வரி வரும், தம்பையா கன்னத்தில் போட்டுக்கொள்வார், அந்த வீட்டுப் பொம்பளைகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நல்லபடியாய்ச் சாப்பிடப் போவார்கள். ஒரு மூச்சு பிந்தி ஒரு ஆமா விழும். யாருக்கும் கேட்காது.

குராமுக்குக் கேட்டது, அந்த ஆமாவைக் கேட்காமலே. வந்த புதிதில், மனானா வீட்டு அடுப்படியில். அவளும் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர்தான், அவள் வகுப்பில் நான் போய்ப் பிள்ளைகளுக்கு ஆமா போடச் சொல்லிக்கொடுத்தேன், ஒன்றும் இரண்டும் மூன்று, ஆமா, மூன்றும் நான்கும் எட்டு, ஆமா, எல்லாம் சேர்ந்து கத்திவிட்டுப் பிறகுதான் ஒருத்தி கையைத் தூக்கினாள், எட்டு இல்லை என்று, அவ்வளவு பேரும் அவளைக் கொன்றுவிடுகிற மாதிரிப் பார்த்தார்கள், எனக்கு அந்தக் குட்டியைத் தூக்கிக் கொஞ்சவேண்டும்போல இருந்தது. என் இங்கிலீஷையும் மனானா இங்கிலீஷையும் சேர்த்தால் ஒரு முழு இங்கிலீஷ் ஆகாது. ஆனாலும் மாவைப் பிசைந்துகொண்டே எல்லாம் பேசிவிட்டோம், அவள் புருஷன் வேறொரு தேசத்தில் வேலைக்குப் போனவன் அங்கேயே இருந்துவிட்டது, என் வீட்டுக்காரர் வீட்டிலேயே இருந்தும் இல்லாதது, சர்க்கரை மாத்திரை, தலைமையாசிரியர்கள். உலகமெங்கும் தலைமையாசிரியர்கள் ஒரே ஆள்தான் போலிருக்கிறது. மண் அடுப்பின் உள்சுவரில் மாவை ஒட்டவைப்பதற்கு அவள் இடுப்புவரைக்கும் உள்ளே குனிகிறாள், குனிந்தபடியே பாட ஆரம்பிக்கிறாள், பாட்டு அடுப்புக்குள்ளிருந்து வருகிறது, வெளியே விறகு பிளக்கிற குராம் கீழ்க்குரலில் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அவள் எங்கே போனாலும் அவர் அங்கேயே நிற்கிறார், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதுகூட இல்லை. எனக்கு மேலும் தெரியாது கீழும் தெரியாது, நடுவில் என் குரலை வைத்தேன், தள்ளாடியது, அவர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டார்கள், அப்படித்தான் இருந்தது, ரயிலில் நகர்ந்து இடம் விடுகிற மாதிரி. பிறகு நான் அக்கா கதையைச் சொன்னேன். வரிவரியாகப் பாடி, மனானாவுக்குச் சொல்லி, அவள் குராமுக்குச் சொல்லி. குராம் திராட்சை ரசம் ஊற்றிவைக்கிற சின்ன மண்சாடி ஒன்றைக் குடத்துக்குப் பதிலாகத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த வரி வந்தது. மனானா சொன்னாள். குராம் தட்டுவதை நிறுத்திவிட்டு, அரா, என்றார். என்ன அரா என்றேன். அவர் நீளமாக ஏதோ சொன்னார். மனானா சொன்னாள், "செருப்பில் மண்ணைத் தட்டிவிட்டுப் போன பொம்பளை மன்னிக்கமாட்டாள் என்கிறான்." நான் கமிட்டி என்றேன், கமிட்டி அப்படிக் கேட்டது என்றேன். கமிட்டி என்ற சொல் அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மனானா சிரித்தாள், சிரித்துச் சிரித்து இருமல் வந்து உட்கார்ந்துவிட்டாள், தான் படித்த பள்ளிக்கூடத்திலும் ஒரு பாட்டு இருந்ததாம், அதிலும் ஒரு அடியைப் பாடக்கூடாது என்று கமிட்டி சொல்லியிருந்ததாம், அந்த அடி வரும்போது பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகுவார்களாம், அந்த முனகல்தான் இப்போது அவளுக்கு ஞாபகமிருக்கிறதாம், பாட்டு மறந்துவிட்டதாம். குராம் சிரிக்கவில்லை. சாடியைத் தட்டுவேன், ஆமா போடமாட்டேன் என்றார். அன்றிலிருந்து அடுப்படியில் பாடும்போதெல்லாம் மனானா மட்டும்தான் போடுகிறாள்.

இன்று காலையில் முப்பிடாதியிடம் பேசினேன், வீடியோவில், பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள், கத்தரிக்கோல் ஓடிக்கொண்டே இருக்கிறது. "என்ன டீச்சரே, என்னைப் பெட்டிக்குள்ள அடச்சிட்டாவளாமே. சோறு தண்ணி உண்டுமா அதுக்குள்ள?" என்றாள். ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும் என்றேன். கேளுங்க என்றாள். "அந்த வரிக்கு மட்டும் ஏன் பிந்துவே?" கத்தரிக்கோல் நின்றது. பிறகு ஓடியது. "எந்த வரிக்கு?" என்றாள், தெரியாத மாதிரி. சொன்னேன். "இப்பத்தான் கேக்கியளாக்கும்" என்றாள். அவ்வளவு நாளாகக் கேட்காமல் இருந்துவிட்டு ஒரு மலைநாட்டிலிருந்து கேட்கிறேன். "எல்லாத்துக்கும் ஆமா போடுத வாய்தான் டீச்சரே. ஆனா அந்த எடத்துல மட்டும் உள்ளேருந்து வரமாட்டேங்கு. நான்தான் கையப் புடிச்சி இழுத்துட்டு வாரேன். அதான் நேரம் ஆவுது." ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க பாடுதிய. உங்க அக்கா. நான் யாரு இல்லங்கதுக்கு. என்னால முடிஞ்சது பிந்துததுதான்." அவளே தொடர்ந்தாள், சத்தத்தைத் தாழ்த்திக்கொண்டு, "பாத்துக்கிடுங்க, தம்பையா அண்ணாச்சி ரேசன் கடை முன்னால திரை கட்டுதாவ. உங்க நிகழ்ச்சிய நேரடியா எல்லாரும் பாக்கணுமாம். அந்த வீட்டு ஆளுவ அம்புட்டுப் பேரும் வருவாவ. நாற்காலி போட்டாச்சி." நாற்காலி போட்டாச்சு. வெளிநாட்டுக்காரன் முன்னால் அக்கா அவர்களை மன்னிப்பதைப் பார்க்க நாற்காலி போட்டாச்சு.

வண்டி ஒரு முழம் நகர்கிறது, மணி ஒலிக்கிறது, நிற்கிறது. மாற்றிப் பாடினால் என்ன நடக்கும். தெரியாதா எனக்கு. தம்பையா அடுத்த கொடைக்கு வேறு வில்லுக்காரரைப் பேசுவார், என்னைக் கிணற்றடியில் உட்காரவிடமாட்டார், அக்கா கதையை யாரோ ஒருவர், அவள் எப்படி நடப்பாள் என்றே தெரியாத ஒருவர், கண்ணை உருட்டிக்கொண்டு பாடுவார், முதல் வரியிலிருந்தே அவளைக் குத்துவிளக்கு ஆக்கிவிடுவார். நான் ரோட்டில் நின்று கேட்கவேண்டும். பயம் அதற்குத்தான், வேறு எதற்கும் இல்லை, ஊர் ஏசுவதற்கில்லை, ஊர் என்னை ஏசாத நாள் எது, பொம்பளை வில்லெடுத்தாள் என்று ஏசியது, வாத்திச்சிக்கு எதற்குச் சாமிப்பாட்டு என்று ஏசியது. அவள் முன்னால் உட்கார்ந்து அவள் பேரைச் சொல்கிற அந்த ஒரு ராத்திரி போய்விடும். அதற்காக அந்த வரியைப் பாடிவிடலாமே. இத்தனை வருஷம் பாடிய வாய்தானே. இன்னும் ஒருதடவை. ஒருதடவைதான். பெட்டி டக்கென்று ஆமா போடும், யாரும் பிந்தமாட்டார்கள், யார் கையையும் பிடித்து இழுக்கவேண்டாம். அங்கேதான் வந்து மாட்டிக்கொள்கிறது, சேலை முள்ளில் மாட்டுகிற மாதிரி, எந்தப் பக்கம் சுற்றினாலும் அந்த டக்கில் வந்து மாட்டுகிறது. இல்லை என்று சொல்லத் தெரியாத ஒன்று போடுகிற ஆமா என்ன ஆமா. பிந்தவாவது தெரியவேண்டாமா. அவள் பேரைச் சொல்கிறேன் சொல்கிறேன் என்று இருந்தேனே, கடைசி வரியில் நான் சொன்னது யார் பேர். வாசலில் நின்றவள் பேர் அல்ல அது, அவர்கள் பூசிய மஞ்சளின் பேர். பீடம் அவர்கள் கட்டினது, சரி, இடிக்கட்டும், பூட்டட்டும். அக்காவை அவர்கள் கட்டவில்லை. எனக்கு ஒரு சாடியும் வளைத்த மரமும் போதும், எந்த ரோட்டிலும் உட்காருவேன், பள்ளிக்கூட மரத்தடியில் உட்காருவேன், முப்பிடாதி வீட்டு வாசலில் பீடித் தட்டுக்கு நடுவில் உட்காருவேன், அக்கா செருப்போடு அங்கே வருவாள். வரட்டும்.

"சார்" என்கிறேன். கோமதிநாயகம் சார் திரும்புகிறார், மணி அவர் நெற்றியில் இடிக்கிறது. "பெட்டி வேண்டாம் சார். மனானா ஆமா போடுவா." அவர் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. "டீச்சர், அந்தம்மாவுக்குத் தமிழே தெரியாது." "இடம் தெரியும் சார். அப்புறம் கடைசிப் பகுதியையும் மாத்திப் பாடப்போறேன்." எப்படி மாற்றுவேன் என்று சொன்னேன். இப்போது நடந்தது முகத்தில். "இங்க பாருங்க. நம்ம ஊரப் பத்தி இவங்க என்ன நினைப்பாங்க? சாமின்னா கருணை வேண்டாமா? மங்களமா முடிக்கிறதுதானே நம்ம மரபு." மரபு எனக்குச் சொல்லித்தருகிறார். "ஏற்கெனவே சாராயம் ஊத்துற சாடியக் குடமா வச்சிருக்கீங்க, அதையே நான் கண்டுக்கல." கழுவித்தான் வைத்திருக்கிறேன் என்றேன். "டீச்சர், நீங்க அரசு ஊழியர். நான் அனுப்புற அறிக்கையத்தான் துறையில படிப்பாங்க. இதுக்கப்புறம் எந்தப் பயணத்துலயும் உங்க பேரு இருக்காது." குரல் உயரவில்லை, நயமாகத்தான் சொன்னார், நயமாகச் சொல்கிறவர்களைத்தான் நான் வாழ்க்கை முழுக்கப் பார்த்திருக்கிறேன், தம்பையாவும் நயமாகத்தான் கேட்டார், அம்மாவும் நயமாகத்தான் அக்காவின் தலையைத் தடவிப் போய்ட்டு வா என்றாள். "எழுதுங்க சார்" என்றேன். "நான் சொன்னதையே எழுதுங்க, மாத்தாம எழுதுங்க." மனானா ஒன்றும் புரியாமலே எல்லாம் புரிந்து என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள், விரலில் மாவு காய்ந்திருக்கிறது. அந்த இடத்தை மாற்றுகிறேன் என்று அவளிடம் சொல்கிறேன், எங்கள் அரைகுறை இங்கிலீஷில், மன்னிக்கவில்லை, ஒருத்தரையும் இல்லை, என் அம்மாவையும் இல்லை. அவள் குராமிடம் சொல்கிறாள். கண்ணாடியில் அவர் கண் மட்டும் தெரிகிறது. உங்கள் பாஷையில் அதை எப்படிச் சொல்வது என்று கேட்கச் சொல்கிறார். மன்னிக்கலை, என்கிறேன். மன்னிக்கலை, என்று அவர் சொல்லிப் பார்க்கிறார், வாய்க்குள் கல்லைப் போட்டு உருட்டுகிற மாதிரி, இன்னொருதடவை சொல்கிறார். பசுக்கள் என்ன நினைத்தனவோ, ஒன்று வரப்பில் ஏறி நடக்கிறது, மற்றவையெல்லாம் அதன் பின்னால் போகின்றன.

அரங்கத்து வெளிச்சத்தில் கண் கூசுகிறது, ஆட்கள் தெரியவில்லை, இருட்டாக இருக்கிற இடமெல்லாம் ஆட்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன், இடப்பக்கம் கையில் தாளத்தோடு மனானா, வலப்பக்கம் சாடியோடு குராம், அவருக்குச் சம்மணம் வரவில்லை, காலை நீட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே ஒரு கேமரா, அதன் சிவப்புப் புள்ளிக்குப் பின்னால் ரேஷன் கடை, திரை, நாற்காலிகள், தம்பையா, பீடித் தட்டோடு முப்பிடாதி. பாடுகிறேன். வாய் உள்ள பிள்ளை பிறந்தா. ஆமா, என்கிறாள் மனானா, கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி, அவள் ஊர்ச் சுருதியில், என்றாலும் உயிரோடு. கட்டிக்கொடுத்தார், ஆமா. திரும்பி வந்தா, ஆமா. கதவைச் சாத்தினார், ஆமா. குராம் சாடியைத் தட்டுகிறார், வாயைத் திறக்கவில்லை. செருப்பு மண்ணைத் தட்டிவிட்டா, ஆமா. கிணறு வருகிறது. குறி வருகிறது, மஞ்சள் வருகிறது, பட்டு வருகிறது, இப்போதுகூட மாற்றிக்கொள்ளலாம் என்று ஏதோ ஒன்று நயமாகச் சொல்கிறது, வீசுகோலை ஓங்குகிறேன், மணிகள் மொத்தமும் ஒலிக்கின்றன, பெத்த வீட்டையும் மன்னிக்கலை, ஆமா என்கிறாள் மனானா, புகுந்த வீட்டையும் மன்னிக், நான் வரியை முடிக்கவில்லை, சாடியின்மேல் உள்ளங்கை இடிபோல விழுகிறது, அந்தக் கீழ்க்குரலில், அத்தனை பேருக்கும் முந்தி, "ஆமா" என்கிறார் குராம்.